கழனியில் ஒரு சொல், கச்சேரியில் ஒரு சொல்

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே, பாடாலூர் என்றோர் ஊர் உண்டு. வானம் பார்த்த பூமி. சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மண். (வெங்காயம் என்றவுடன் பெரியார் நினைவுக்கு வருவது நம் குற்றமன்று.) அவ்வட்டாரத்து உழவர் ஒருவரிடம் சென்று, "ஐயா, உங்கள் நிலத்துக்குரிய தாளைச் சற்றுக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாமல் வைத்திருக்கும் ஒரு தாளை எடுத்துத் தருவார். மன்னர் பெயரும் போர்க்களத்தின் பெயரும் நிறைந்த வரலாற்று ஏடுகள் சொல்லாத செய்தியை அந்த ஒற்றைத் தாள் நமக்குச் சொல்லும்.

தாளின் பெயர் பட்டா. வடமொழி தந்தது. அதன் உடன்பிறப்பு சிட்டா. அதுவும் வடக்கேயிருந்து வந்ததே. பயிர்க் கணக்கின் பெயர் அடங்கல், நல்ல தமிழ். ஆண்டைக் குறிக்கப் பசலி என்றொரு சொல். அறுவடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்து, மொகலாயர் வருவாய்க் கணக்கின் வழியே இங்கு வந்து சேர்ந்தது. உலகம் 1990 என்று எண்ணிய ஆண்டின் சூலைத் திங்களில் நம் வருவாய்த்துறைக்கு 1400ஆம் பசலி பிறந்தது! ஒப்பமிடுபவர் தாசில்தார், முற்பாதி அரபு, பிற்பாதி பாரசீகம். நிலத்தின் எண்ணுக்குச் சர்வே எண் என்று பெயர், ஆங்கிலம். நிலத்தின் பரப்போ ஹெக்டேரிலும் ஏர்ஸிலும் எழுதப்பட்டிருக்கும். அது 1795இல் பிரெஞ்சுப் புரட்சியாளர் வகுத்த அளவை. தம் தோளில் சுமந்த ஏருக்கும் தாளில் கிடக்கும் ஏருக்கும் என்ன உறவென்று உழவர் கேட்டால், ஓர் உறவும் இல்லை என்றுதான் நாம் விடை கூறவேண்டும். இத்தனைக்கும் நடுவே, நஞ்சை, புஞ்சை என்னும் இரண்டு தமிழ்ச் சொற்கள் நனைந்த மண்ணையும் காய்ந்த மண்ணையும் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஒரு குடியானவனின் ஒரு துண்டு நிலத்தைப் பற்றிய ஒரு தாளில் இத்தனை மொழிகள் எப்படி வந்தன? மொழி மாறுவது இயற்கை, ஆற்றிலே வெள்ளம் வருவது போலப் பிறமொழிச் சொற்கள் வரும், அதற்கென்ன செய்வது என்று கேட்கும் அறிஞர்கள் நம்மிடையே பலர். மொழி மாறுவது இயற்கைதான்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கமாக மாறியது என்பது இயற்கையன்று. வெள்ளம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். மேட்டில் அமர்ந்திருந்தவர் யார், பள்ளத்தில் நின்றவர் யார் என்று கேட்பதுதான் பகுத்தறிவாளர் வேலை.

முதலில் வந்த மொழி வாளோடு வரவில்லை, வேள்வியோடு வந்தது. பாடாலூருக்குக் கிழக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கங்கை வரை படை செலுத்திய இராசேந்திரன் எழுப்பிய தலைநகர். கடல் கடந்து வென்றவன், தமிழ்ப் பேரரசன் என்று நாமும் மேடையில் மார்தட்டிக்கொள்கிறோம். தட்டிக்கொள்ளட்டும். ஆனால் அவன் ஆட்சியில் பொறித்த திருவாலங்காட்டுச் செப்பேட்டை எடுத்துப் பார்க்கவேண்டும். அதில் இரு பகுதிகள். சோழர் குலத்தின் தோற்றம், முன்னோர் வீரம், அரசனின் புகழ், இவையெல்லாம் வடமொழிச் செய்யுளில் உள்ளன. கொடுத்த ஊரின் எல்லை எது, எந்தக் கால்வாய் எந்த வரப்பைத் தொடுகிறது, எந்தெந்த வரி நீங்கும் என்பன தமிழில் உள்ளன. குலப்பெருமை தேவர்கள் காதில் விழவேண்டும்; வரப்பு எங்கே என்பது உழவன் காதில் விழுந்தால் போதும்! வேதியர்க்கு அளித்த ஊரோ, பழைய பெயரை இழந்து சதுர்வேதி மங்கலமாயிற்று. வென்றவனும் தமிழன், உழுதவனும் தமிழன். இடையிலே உயர்ந்து நின்றது மட்டும் வேறு மொழி.

அதே சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், அவன் பெயரால் வீரசோழியம் என்னும் இலக்கணம் எழுந்தது. எழுதியவர் புத்தமித்திரர். அவர் வேதியர் அல்லர், பௌத்தர். தமிழை வடமொழி இலக்கணத்தின் அச்சில் வார்த்துக் காட்ட முயன்ற நூல் அது. வடசொல் வந்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுக என்று கட்டளையிட்ட தொல்காப்பியர் எங்கே, தமிழையே வடமொழிச் சட்டத்துக்குள் திணித்துப் பார்த்த காலம் எங்கே! அடுத்த சில நூற்றாண்டுகளில் இதன் விளைவு முற்றியது. இலக்கணக் கொத்து எழுதிய சாமிநாத தேசிகர், தமிழுக்கே உரியவை ஐந்தெழுத்துகள்தாம், அந்த ஐந்தை வைத்துக்கொண்டு தனிமொழி என்று கூறுவது வெட்கக்கேடு என்னும் கருத்துப்பட எழுதினார். அவர் தமிழ்ப் புலவர். தமிழ் கற்பித்தவர். ஆதிக்கத்தின் அளவுகோலை அடுத்தவன் கொண்டுவந்து நீட்டவேண்டிய தேவை அப்போது இல்லாமற் போயிற்று. அளக்கப்பட்டவனே அதைக் கையில் எடுத்துக்கொண்டான்.

இனிப் பெரம்பலூருக்கு வடக்கே, அதே பெருஞ்சாலையின் ஓரத்தில், இரஞ்சன்குடிக் கோட்டையைப் பாருங்கள். கர்நாடக நவாபுக்கு அடங்கிய சாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பர். கோயில் வழியாக வந்தது வடமொழி. கோட்டை வழியாக வந்தது பாரசீகமும், அதன் முதுகிலேறி வந்த அரபும். அச்சொற்கள் எங்கே புகுந்தன என்று கவனியுங்கள். விளைந்தது மகசூல். கட்டவேண்டியது கிஸ்தி. வாங்கியது வசூல். நின்றது பாக்கி. கட்டத் தவறினால் ஜப்தி. வழக்காட வக்கீல். வழக்கைத் தள்ளிப்போட வாய்தா. அகப்பட்டவன் கைதி. மீட்டுக் கொண்டுவர ஜாமீன். இவ்வளவுக்கும் இடையில் கை நீட்டியவனுக்கு மாமூல். அத்தனையும் அரபு மூலத்தவை. ஒரு குடியானவனின் துன்பக் கதையை, தமிழ்ச் சொல் ஒன்றும் கலவாமல், இவற்றைக் கொண்டே எழுதி முடித்துவிடலாம்!

அதே குடியானவன் கழனிக்குள் காலை வைத்தால் என்ன நடக்கிறது? ஏர், மேழி, நுகத்தடி, கலப்பை, உழவுசால், விதை, நாற்று, களை, கதிர், களம், பதர், உமி, தவிடு. வடவரும் இல்லை, நவாபும் இல்லை. வேர்வை சிந்தும் இடத்தில் தமிழ். வேர்வையின் பயனைப் பறிக்கும் இடத்தில் பிறமொழி. நிலத்தைப் பிளந்து பார்த்தால் மண்ணின் அடுக்குகள் தெரிவது போல, உழவன் பேச்சைப் பிளந்து பார்த்தால் ஆட்சிகளின் அடுக்குகள் தெரிகின்றன.

1751இல் இரஞ்சன்குடிக் கோட்டையடியில் சந்தா சாகிபின் படையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகம்மது அலியின் படையும் ஆங்கிலேயரும் மறுபுறம் நின்று மோதினர். அதில் ஆங்கிலேயர் தோற்றுப் பின்வாங்கினர். ஐம்பது ஆண்டு கழித்து, 1801இல், கர்நாடக ஆட்சி முழுவதும் அவர்கள் கையில் விழுந்தது. 1837இல் கம்பெனி அரசு பாரசீகத்தை அலுவல்மொழி என்னும் இடத்திலிருந்து இறக்கியது. இறக்கிய இடத்தில் ஏறியது மேலே ஆங்கிலம். ஆனால் கிஸ்தியையும் ஜப்தியையும் அவர்கள் மாற்றவில்லை. வரி வாங்கிப் பழகிய சொல். குடிகள் அஞ்சிப் பழகிய சொல். அதை மாற்ற வெள்ளையனுக்கு என்ன தேவை?

ஊர்ப்பெயர்களை மட்டும் தன் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டான். வாலிகண்டபுரம் அவன் போர் ஏட்டில் வோல்கொண்டா ஆயிற்று. திருச்சிராப்பள்ளி டிரிச்சினாப்பொலி ஆயிற்று. பாடாலூருக்கு அருகிலுள்ள ஊட்டத்தூரின் கதை இன்னும் சுவையானது. ஊற்றத்தூர் என்றும் அதை எழுதுவதுண்டு. அப்பகுதியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. கடலுயிர்களின் கல்லுருக்கள் இன்றும் கிடைக்கின்றன. 1860களில் அப்பாறைகளை ஆராய்ந்த பிளான்போர்டு என்னும் நிலவியலார், அடுக்குகளுக்கு உட்டாட்டூர், டிரிச்சினாப்பொலி, அரியலூர் என்று பெயரிட்டார். உலக நிலவியல் ஏடுகளில் நம் சிற்றூரின் பெயர் ஏறியது, பெருமைதான். ஆனால் தகரமும் டகரமும் ஒன்றாகத் தெரியும் எழுத்தில் ஏறியதால், நம் கல்லூரி மாணவனும் அதைப் படித்துவிட்டு "உட்டாட்டூர்" என்கிறான்! தன் அண்டை ஊரின் பெயரை அயலான் எழுத்திலிருந்து கற்றுக்கொள்கிறான்.

நமக்கு மட்டும் நேர்ந்ததா இது? இல்லை. நம்மை ஆண்ட ஆங்கிலமே ஒரு காலத்தில் அடிமை மொழி. 1066இல் நார்மண்டி நாட்டுக் கோமான் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் நார்மானியப் பிரெஞ்சு அமர்ந்தது. ஆங்கிலம் பட்டியிலும் வயலிலும் கிடந்தது. மாட்டை மேய்த்தவன் ஆங்கிலேயன். ஆதலால் உயிரோடிருக்கும் மாட்டுக்கு 'கௌ' என்னும் ஆங்கிலச் சொல். இறைச்சியாக்கித் தட்டில் வைத்ததும் அது 'பீஃப்'. பிரெஞ்சு வழிச் சொல். ஆடு மேயும்போது 'ஷீப்', மேசையில் 'மட்டன்'. மேய்ப்பவனுக்கு ஒரு சொல், மேய்ப்பவன் உழைப்பைத் தின்பவனுக்கு ஒரு சொல். நம் ஏருக்கும் கிஸ்திக்கும் உள்ள உறவேயன்றோ இது? 1362இல் வழக்குகள் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தைப் பிரெஞ்சிலே எழுதினார்கள்! ஆதிக்கம் போகும்போதும் அப்படித்தான் போகும். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

வென்ற அந்த நார்மானிய மொழிக்குப் பின்னர் நேர்ந்தது என்ன? நார்மண்டியின் பெருநிலம் 1204இல் பிரெஞ்சு அரசன் கைக்குப் போயிற்று. 1539இல் அரசாணைகளும் வழக்குகளும் பிரெஞ்சில்தான் இருக்கவேண்டும் என்று கட்டளை பிறந்தது. மன்னராட்சியை ஒழித்த புரட்சி வந்ததே, அதுவாவது காத்ததா? 1794இல் கிரெகுவார் என்னும் புரட்சிக்காலத் தலைவர், வட்டார மொழிகளை ஒழிப்பது தேவை என்று மன்றத்தில் அறிக்கை படித்தார். முடிவேந்தனும் முடிபறித்தவனும் இந்த ஒன்றில் மட்டும் உடன்பட்டனர். நார்மானியம் 'நாட்டுப்புறப் பேச்சு' என்னும் இழிபெயர் பெற்றது. கடலுக்கு நடுவே ஜெர்சி, கெர்ன்சி, ஆல்டர்னி என்னும் தீவுகளில் எஞ்சிய நார்மானியத்தை ஆங்கிலம் நெருக்கியது. 1940இல் செருமானியப் படை வருமுன் கெர்ன்சிக் குழந்தைகள் பலரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். ஐந்தாண்டு கழித்து அவர்கள் ஆங்கிலம் பேசிக்கொண்டு திரும்பினர். ஆல்டர்னித் தீவின் பேச்சு அடியோடு அழிந்தது. ஜெர்சியில் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தீவின் நார்மானியத்தைப் பேசியோர் நூற்றுக்கு மூவர் அளவினர். 2019இல்தான் அத்தீவின் மன்றம் அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. இலண்டன் பாராளுமன்றத்தில் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் அறிவிக்கும்போது இன்றும் பழைய நார்மானியத் தொடரைத்தான் உரைக்கிறார்கள். சடங்கிலே உயிர், வாயிலே சாவு. இந்நாட்டிலும் அத்தகைய மொழி ஒன்றுண்டு என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா!

சொல் புகுவது ஒருநிலை. அதனினும் ஆழமான நிலை ஒன்றுண்டு. சொல் மேலாடை போன்றது, கழற்றி மாற்றலாம். தொடரின் கட்டு எலும்பின் மூட்டைப் போன்றது. ஜெர்சித் தீவின் பேச்சில் ஆங்கிலச் சொல் மட்டுமின்றி ஆங்கிலத் தொடரமைப்பும் புகுந்திருப்பதை மொழிநூலார் எடுத்துக்காட்டுகின்றனர். நம் அரசு அறிவிப்புகளைப் படியுங்கள். "பெரம்பலூர் மற்றும் அரியலூர் மாவட்டங்கள்." எந்த உழவன் வாயில் இந்த 'மற்றும்' வந்தது? அம்மாவும் அப்பாவும் என்று சொல்லும் மொழியில், 'உம்' என்னும் ஈரெழுத்து செய்த வேலையைப் பறித்து, ஆங்கிலச் சொல்லுக்கு நிழலாக ஒரு சொல்லை நட்டிருக்கிறார்கள். எழுத்தெல்லாம் தமிழ்தான், வடசொல் இல்லை, கிரந்தம் இல்லை. ஆனாலும் அங்கே நடப்பது ஆங்கிலத்தின் நடை. தூய தமிழ் என்று நாம் மகிழும் ஏடுகளிலும் இது மலிந்து கிடக்கிறது. நம் எழுத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

நம்மைச் சேர்த்துச் சொல்லவேண்டியவை இன்னும் உண்டு. 1925இல் தோன்றிய நம் இயக்கத்தின் பெயர் சுயமரியாதை இயக்கம். இரண்டும் வடசொல்! தன்மானம் என்று பின்னால்தான் திருத்திக்கொண்டோம். எதிர்த்து எழுந்த குரலே எதிரியின் சொல்லை வாங்கிக்கொண்டுதான் பேசத் தொடங்கியது. அதற்காக நாம் நாணவேண்டியதில்லை. ஆதிக்கம் எவ்வளவு ஆழம் பாய்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

நாணவேண்டிய இடம் வேறு. பாடாலூரைச் சுற்றிய ஊர்களில் ரெட்டியார் குடியினரின் வீட்டுமொழி தெலுங்கு. விசயநகரத்தார், நாயக்கர் காலத்தில் தெற்கே வந்து கரிசலையும் மேட்டையும் உழுது நிலைத்தவர்கள். தமிழுக்கு அவர்கள் அயலார் அல்லர், சிறுவராயிருந்த உ.வே. சாமிநாதருக்கு யாப்பிலக்கணம் கற்பித்தவர் இவ்வட்டாரத்துச் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். ஆங்கிலம் இம்மைக்கு, வடமொழி மறுமைக்கு, தமிழ் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்த காலத்தில் அவர் தமிழைச் சொல்லிக்கொடுத்தார். அவ்வீடுகளில் பேசும் தெலுங்கு இன்று எப்படி இருக்கிறது? பள்ளியில் அதற்கு இடமில்லை. அதன் எழுத்தைப் பெரும்பாலோர் அறியார். படிப்பு, வழக்கு, கணக்கு என்று பேச்சு திரும்பினால் தமிழ்ச் சொல் வந்து அமர்கிறது. காரை ஊரையொட்டிய மலையப்ப நகரில் வாழும் நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலிக்கோ சொந்த எழுத்தே இல்லை. அவர்கள் குழந்தைகள் பள்ளிக்குள் நுழையும்போது கேட்பது நம் மொழி. அவர்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டு நகைப்பவன் நம் மகன். பாரசீகம் நமக்குச் செய்ததைத் தமிழ் அவர்களுக்குச் செய்கிறது என்றால் நமக்குக் கசக்கிறது. கசக்கட்டும். தேவபாடை என்று எதனையும் ஏற்காதவர்கள் நாம். தமிழையும் அப்படி ஏற்க முடியாது. ஆதிக்கத்தின் இலக்கணம் எல்லா மொழிக்கும் ஒன்றே.

இத்தனையும் மனிதர் செய்தது. ஆகவே மனிதரால் மாற்றவும் முடிந்தது. அக்கிராசனர் தலைவரானார், அபேட்சகர் வேட்பாளரானார், நமஸ்காரம் வணக்கமாயிற்று. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது, ஜில்லா மாவட்டமாயிற்று. அரியலூரிலிருந்து திருச்சி செல்லும் இருப்புப்பாதையில் கல்லக்குடி என்னும் ஊருக்கு, அங்கே சிமெண்டுத் தொழிற்சாலை வைத்த வடநாட்டு முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் என்று நிலையப் பலகை எழுதினார்கள். 1953 சூலை 15இல் கலைஞரும் தோழர்களும் அந்தத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். இன்று அந்நிலையத்தின் பலகையில் கல்லக்குடி என்னும் பெயர் நிற்கிறது. அரியலூரை அடுத்த கீழப்பழுவூரின் சின்னசாமி, 1964 சனவரி 25இல், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சித் தொடர்வண்டி நிலையத்தருகே தீயில் கரைந்தார். உயிரைத் தீக்குத் தருவதை நாம் வழியென்று கூறோம். ஆனால் மொழி மாற்றம் இயற்கை, அதற்கென்ன செய்வது என்று மேசைக்குப் பின்னால் அமர்ந்து கேட்பவர், அந்தச் சிற்றூர் இளைஞன் அதனை ஏன் இயற்கையென்று கருதவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

மாறாதது எது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலக்கணக்குத் தணிக்கை நடக்கிறது. ஜமாபந்தி என்னும் பழம்பெயரை நீக்கி, 'வருவாய்த் தீர்வாயம்' என்று தமிழ்ப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வாயிலில் துணியில் எழுதிக் கட்டியும் வைக்கிறார்கள். அதன்கீழ், பட்டா மாற்றக் கோரும் மனுவோடு, வெயிலில் வரிசையில் நிற்கிறார் உழவர். "எதற்கு வந்தீர்கள், ஐயா?" என்று கேளுங்கள். "ஜமாபந்திக்குங்க" என்பார். தலைக்கு மேலே ஆடும் அந்தத் துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் படித்துச் சொல்லவில்லை.